தெரு வடிகாலும் ஏரி வரத்தும்

வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். அலுவலகம் விழுப்புரத்தில், வீடு திருவாமாத்தூரில். எந்த வரைபடமானாலும், மாடித் தண்ணீர்க் குழாய் இறங்கும் மூலையில் ஒரு சின்ன வட்டம் வரைந்து பக்கத்தில் 'மழைநீர் சேகரிப்பு' என்று எழுதுவேன். 2003-இல் தமிழ்நாடு முழுக்க எல்லாக் கட்டடங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கினார்கள். அன்றிலிருந்து இந்த வட்டம் இல்லாத வரைபடம் அனுமதிக்குப் போகாது. ஆனால் அனுமதி கைக்கு வந்த பிறகு, காகிதத்தில் உள்ள வட்டம் மண்ணில் குழியாக இறங்க வேண்டுமே! பல வீடுகளில் இறங்குவதில்லை. கிரகப்பிரவேசத்துக்குப் போனால் அந்த மூலையில் கிரானைட் பதித்த துவைகல் நிற்கும்.

புது நகர் ஒன்றில் வேலை நடந்துகொண்டிருந்த வீட்டில் மேஸ்திரியிடம் குழி எங்கே என்று கேட்டேன். "குழியெல்லாம் எதுக்கும்மா? பைப்ப ரோட்டுப் பக்கம் எறக்கி உட்டுட்டா போச்சு. அதான் புதுசா கால்வா கட்டியிருக்காங்களே" என்றார்.

"அந்தக் கால்வா எங்க போவுது மேஸ்திரி?"

"தெருக்கோடி வரைக்கும் போவுது."

"அதுக்கப்புறம்?"

கையிலிருந்த கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு யோசித்தார். "அது தெரியலியேம்மா" என்றார். வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. பக்கத்து மனைக்காரருக்கும் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. நம் ஊர்களில் ஒரு தெருவில் விழும் மழை கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. நிலத்தடி நீர் இறங்குவதும், ஏரி காய்வதும், ஊருக்குள் வெள்ளம் புகுவதும் அந்த ஒரே கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் என்பது என் எண்ணம்.

முதலில் கொஞ்சம் கணக்கு. விழுப்புரம் பக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,050 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி ஒன்றில் அது 97,000 லிட்டருக்கு மேல். நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தேவை என்று அரசுத் திட்டங்களில் கணக்கு வைக்கிறார்கள். அப்படிப் பார்த்தால், நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆறு மாதத் தண்ணீர் அவர்கள் தலைக்கு மேலேயே விழுகிறது. அதை ரோட்டில் விட்டுவிட்டு, சித்திரையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறோம்.

ஆனால் இந்த மழை பன்னிரண்டு மாதமும் பிரிந்து பெய்வதில்லை. பாதியளவு அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் வந்துவிடுகிறது. அதிலும் சில நாள் மழைதான் பெரும்பகுதி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, எங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரு நாளைக்குள் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அதே ஆயிரம் சதுர அடி மாடியில் அன்று விழுந்தது 46,000 லிட்டர். நான் வரைகிற வட்டம், மூன்றடி அகலமும் பத்தடி ஆழமுமாக உறை இறக்கிய குழி, விளிம்பு வரை நிரம்பினாலும் இரண்டாயிரம் லிட்டர்தான் பிடிக்கும். மண் எவ்வளவு வேகமாகக் குடித்தாலும் அப்படிப்பட்ட நாளில் குழி தோற்கும். குழி என்பது ஆண்டில் பலமுறை வரும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மழைக்கு. பெருமழைக்குத் தெரு வேண்டும், தெருவுக்கு வடிகால் வேண்டும், வடிகாலுக்கு ஏரி வேண்டும். இந்த நான்கும் ஒரே கோர்வை. நடுவில் ஒன்று அறுந்தாலும் மற்றவற்றுக்குச் செலவழித்த பணம் வீண்.

இந்தக் கோர்வையை எனக்குச் சொல்லிக் கொடுத்தது பொறியியல் புத்தகம் இல்லை, என் மாமனார். திருவாமாத்தூருக்கு மருமகளாக வந்த புதிதில், ஊரைச் சுற்றிக் காட்டுவதாக ஏரிக்கரைக்குத்தான் முதலில் அழைத்துப் போனார், கோயிலுக்கு அதற்கப்புறம். "ஏரிக்கு மேலேர்ந்து பேயுற மழ பத்தாதும்மா. நாலா பக்கத்துலயும் இருக்கற தண்ணிய கூட்டிக்கினு வரணும்" என்றார். வரத்துக் கால்வாய் எது, மதகு எது, கலங்கல் எது என்று கைத்தடியால் காட்டினார். எங்கள் பக்கம் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழிவதை 'கோடி போவுது' என்பார்கள். கோடி போனால் ஊரே ஓடும். சூடம் கொளுத்துவார்கள், பூ விடுவார்கள், கிடா வெட்டுகிறவர்களும் உண்டு. எங்கள் ஏரியில் கோடி போகிற தண்ணீர் அடுத்த ஊர் ஏரிக்கு வரத்து. அந்த ஊர்க் கோடி அதற்கும் அடுத்த ஊருக்கு. வீணாக வழிகிற தண்ணீர் என்று ஒன்றை மாமா ஒப்புக்கொண்டதே இல்லை.

தமிழ்நாட்டில் இப்படி 39,000-க்கு மேற்பட்ட ஏரிகள் கணக்கில் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தனி ஏரிகள் கிடையாது, சங்கிலி. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, மேற்கிலிருந்து கிழக்குக்கு, நிலத்தின் சாய்வைப் பார்த்துப் பார்த்து ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டியிருக்கிறார்கள். இதன் பயன் பாசனம் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏரியில் நிற்கும் தண்ணீர் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. ஏரிக்குக் கீழ்ப்பக்கத்துக் கிணறுகளில் நீர் ஏறுகிறது. வேகமாக ஓடிவரும் வெள்ளத்தை ஒவ்வோர் ஏரியும் கொஞ்சம் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்வதால் கடைசி ஊருக்கு வெள்ளம் தணிந்து போகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், பத்தாம் நூற்றாண்டுப் பராந்தக சோழன் காலக் கல்வெட்டில், ஏரியைப் பார்த்துக்கொள்ள 'ஏரி வாரியம்' என்று தனிக் குழு இருந்த செய்தி உண்டு. குழு வைத்துப் பராமரிக்க வேண்டிய அளவுக்கு நுணுக்கமான வேலை அது.

எங்கள் ஊரில் ஒரு பழைய செய்தி சொல்வார்கள். இரட்டைப் புலவர்கள் திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடி அரங்கேற்றியபோது, பம்பை ஆற்றின் எந்தக் கரையில் கோயில் இருக்கிறது என்பதை மாற்றிப் பாடிவிட்டார்களாம். கேட்டிருந்தவர்கள் மறுத்தார்கள். அன்றிரவு பெய்த மழையில் பம்பை பொங்கி, தன் போக்கையே மாற்றிக்கொண்டு, மறுநாள் கோயில் பாட்டில் சொன்ன கரையில் இருந்ததாம். புலவர் வாக்கு பலித்ததற்குச் சான்றாக ஊரில் இதைச் சொல்வார்கள். தொழில் காரணமாக எனக்கு இதில் வேறொன்றும் தெரிகிறது. ஒரே இரவில் இடம் மாறுகிற ஆறு என்பது எங்கள் முன்னோருக்கு நம்பக்கூடிய செய்தியாக இருந்திருக்கிறது. தண்ணீர் வந்தால் எவ்வளவு இடம் கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியும். சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் பாடிய தலத்தின் ஆறு, இன்று ஆண்டின் பெரும்பகுதி மணலும் சீமைக் கருவேலமுமாகக் கிடக்கிறது. அந்த வறண்ட கோலத்தைப் பார்த்துவிட்டுத்தான் கரையோரத்தில் மனை வாங்குகிறார்கள்.

விழுப்புரம் நகரத்துக்கு வருவோம். தெற்கே தென்பெண்ணை, வடக்கே பம்பை. நகரத்துக்குள்ளேயே ஓடுகிறது கோலியனூரான் வாய்க்கால். பெயரைப் பார்த்தாலே அது கோலியனூர்ப் பக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன வாய்க்கால் என்று தெரியும். இன்று நகரத்தில் பலருக்கு அது சாக்கடை. வீட்டுக் கழிவு, கடைக் கழிவு, இறைச்சிக் கழிவு எல்லாம் அதில் இறங்குகிறது. இரண்டு பக்கமும் கட்டடம் நெருங்கி வந்துவிட்டது. புதிய பேருந்து நிலையம் இருப்பது ஏரி இருந்த இடத்தில். பெருமழை பெய்யும்போதெல்லாம் அங்கே பேருந்துகள் தண்ணீரில் நிற்கிற படம் செய்தித்தாளில் வரும். தண்ணீர் வழி தவறி அங்கே வருவதாக யாரும் எண்ண வேண்டாம். நூற்றாண்டுக் கணக்காக எங்கே போனதோ அங்கேதான் அது போகிறது.

ஃபெஞ்சலின்போது வந்த வெள்ளம் முழுவதையும் நகர வடிகால் கணக்கில் எழுதிவிடக் கூடாது. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் தொடக்கத்தில் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டதால் தென்பெண்ணைக் கரையில் ஊர் ஊராக மூழ்கியது. அது ஆற்று வெள்ளம். அதற்கு அணை நிர்வாகம், முன்னறிவிப்பு, கரை என்று தனிப் பேச்சு உண்டு. நான் சொல்வது, ஆறு அமைதியாக இருக்கும்போதே பத்து சென்டிமீட்டர் மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கிற தெருக்களைப் பற்றி. இது நம் கையில் உள்ள வேலை.

அந்தத் தெருக்களில் நடப்பதை நான் தினமும் பார்க்கிறேன். நஞ்சையாக இருந்த நிலத்தைக் கிராவல் கொட்டி உயர்த்தி மனை போடுகிறார்கள். வயலுக்குத் தண்ணீர் வந்த சிறு வாய்க்கால் மனைப்பிரிவு வரைபடத்தில் கோடாக இருக்கும், தரையில் இருக்காது. முதலில் வீடு கட்டுகிறவர் ரோட்டைவிட இரண்டடி உயர்த்துகிறார். அடுத்தவர் அவரைவிட ஓரடி கூட்டுகிறார். பிறகு ரோட்டுக்கு மேலேயே ரோடு போடுகிறார்கள். பழைய வீடுகள் பள்ளமாகிவிடுகின்றன. என்னிடம் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வியே "எவ்ளோ ஏத்தணும் மேடம்?" என்பதுதான். எல்லோரும் ஏற்றினால் தண்ணீர் யாரிடம் போகும் என்று கேட்டால் பதில் இருப்பதில்லை. அது கடைசியில் ஏற்றப் பணமில்லாதவர் வீட்டுக்குள் போகும்.

அதே புது நகரில் மேஸ்திரி சொன்ன கால்வாயின் முடிவைப் பார்க்கப் போனேன். மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபையும் எடுத்துக்கொண்டேன். கண்ணாடி போலத் தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இங்கேயும் மறு முனையை அங்கேயும் பிடித்தால் இரண்டு இடத்து மட்டமும் தெரிந்துவிடும். கொத்தனார் எல்லோரிடமும் இருக்கிற எளிய கருவி. பளபளவென்று கான்கிரீட் போட்ட கால்வாய் தெருக்கோடியில் பழைய வாய்க்காலைத் தொடுகிற இடத்தில் டியூபைப் பிடித்துப் பார்த்தால், புதுக் கால்வாயின் தரை பழைய வாய்க்காலின் தரையைவிட ஒரு முழம் பள்ளம்! மேட்டுக்கு ஏறித் தண்ணீர் போகாது. கால்வாய் முழுக்கக் கறுப்பாகத் தண்ணீர் தேங்கி, புழு நெளிந்துகொண்டிருந்தது. கட்டியவர்கள் நல்ல சிமென்ட்தான் போட்டிருந்தார்கள். எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை மட்டும் பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் ஊர் வடிகாலும் ஏரி வரத்துக் கால்வாயும் ஒன்றுதான். நகரம் வளர்ந்து ஏரியின் நீர்ப்பிடிப்பு முழுக்க வீடாகிவிட்ட பிறகு, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவர வயலும் ஓடையும் இல்லை. தெரு மட்டும்தான் இருக்கிறது. நாம் கட்டுகிற ஒவ்வொரு மழைநீர் வடிகாலும் ஏதோ ஓர் ஏரியில் முடிய வேண்டும். முடிகிற இடத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி மட்டம் குறித்துக்கொண்டு வர வேண்டும். இன்று தெருவிலிருந்து தொடங்குகிறார்கள், பணம் தீர்ந்த இடத்தில் முடிக்கிறார்கள்.

வடிகாலை ஏரியில் விடு என்று சொன்னால் உடனே ஒரு பயம் வரும். நியாயமான பயம். தெருத் தண்ணீர் சுத்தமானதா? இல்லை. கோடை முடிந்து வரும் முதல் மழை வடிகால் வாயில் வந்து விழுவதை ஒருமுறை நின்று பாருங்கள். முதலில் வருவது தண்ணீர் மாதிரியே இருக்காது. டிகிரி காபி நிறத்தில் நுரையோடு வரும். மேலே வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம் மின்னும். அது பட்டறையிலும் பைக்கிலும் சொட்டிய ஆயில். கறுப்புப் பொடி ஒட்டிக்கொண்டு வரும். அது டயர் தேய்ந்த தூள், பிரேக் தூள். பாக்கு உறை, பால் பாக்கெட், ஒற்றைச் செருப்பு, தெர்மகோல். ஒரு மணி நேரம் விடாமல் பெய்த பிறகு அதே வாயில் வரும் தண்ணீர் வெறும் செம்மண் கலங்கலாக இருக்கும். மொத்த அழுக்கில் பெரும்பங்கு முதல் மழையில் வந்துவிடுகிறது. அந்த முதல் தண்ணீரை நிறுத்தி வடிகட்டத் தெரிந்தால் மீதியை ஏரி ஏற்றுக்கொள்ளும்.

நிறுத்துவதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். வடிகால் ஏரியைத் தொடுமுன் ஒரு வண்டல் தொட்டி. அதாவது கால்வாய் ஓரிடத்தில் அகலமாகி ஆழமாகிறது, தண்ணீர் வேகம் குறைகிறது, மணலும் சேறும் அடியில் படிகிறது. வாயில் கம்பி வலை. குப்பை அங்கே நிற்கும். அதைத் தாண்டி ஒரு துண்டு நிலத்தைச் சதுப்பாக விட்டு, சம்பும் கோரையும் வளர விடலாம். அந்தத் தண்டுகளுக்கு நடுவே தண்ணீர் ஊர்ந்து போகும்போது நுண்ணிய மண் படிகிறது, வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்கின்றன. அழுக்கின் ஒரு பகுதியைச் செடியே எடுத்துக்கொள்கிறது. தொட்டியை ஆண்டுக்கு இரண்டு முறையாவது வாரிச் சுத்தம் செய்ய வேண்டும். இதில்தான் நாம் சறுக்குகிறோம். கட்டுவதற்குத் திறப்பு விழா உண்டு, வாருவதற்கு எந்த விழாவும் இல்லை.

வீட்டுச் சாக்கடை வேறு. அது எந்தத் தொட்டியாலும் கோரையாலும் சரியாகாது. கழிவறைக் குழாயை மழைநீர் வடிகாலில் இணைக்கிற வீடுகளால் கீழே உள்ள ஏரி கெடும். ஏரியில் ஆகாயத்தாமரை பச்சைப் போர்வையாகப் படர்ந்திருந்தால், பெரும்பாலும் மேலே எங்கோ சாக்கடை இறங்குகிறது என்று பொருள். அந்தச் செடிக்குச் சாப்பாடே அதுதான். செடியை மட்டும் வாரிக் கரையில் போட்டால் அடுத்த மாதம் திரும்ப வரும்.

இதே காரணத்துக்காக, ரோட்டுத் தண்ணீரைப் போர்வெல்லுக்குள் நேராக இறக்குகிற வேலையையும் செய்யாதீர்கள். காய்ந்துபோன போரில் குழாயைச் சொருகி விட்டால் நீர்மட்டம் ஏறும் என்று சிலர் செய்கிறார்கள். மண் வடிகட்ட வேண்டிய அழுக்கு, மண்ணைத் தொடாமலே இருநூறு அடிக்குக் கீழே போய்விடும். ஒருமுறை அங்கே போனதை எடுக்க வழியில்லை. மாடித் தண்ணீர் பரவாயில்லை. அதையும் முதல் மழையை வெளியே விட்டு, ஜல்லியும் மணலும் போட்ட தொட்டி வழியாக அனுப்ப வேண்டும். குழி செப்டிக் டேங்கிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். மண்ணும் பார்க்க வேண்டும். களிமண் பாங்கான இடத்தில் பத்தடிக் குழி வெறும் தொட்டியாக நின்றுவிடும், கொசுதான் வளரும். அங்கே குழிக்கு நடுவில் களியைத் துளைத்துக்கொண்டு மணல் அடுக்கு வரை ஒரு சிறு துளை போட வேண்டும். குழி தோண்டும் அன்றே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்தால் போதும், மண்ணே சொல்லிவிடும்.

ஏரிச் சங்கிலி ஒன்று எங்கே போய் முடிகிறது என்று பார்க்க, திண்டிவனத்தைத் தாண்டிக் கிழக்கே போக வேண்டும். எங்கள் பம்பை புதுச்சேரிப் பக்கம் போய்ச் சங்கராபரணியோடு சேர்கிற ஆறு. மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில் பெய்யும் மழைக்கு வேறு முடிவு: கழுவேலி. வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151 ஹெக்டேருக்குப் பரந்த சதுப்பு நிலம். தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் பழவேற்காட்டுக்கு அடுத்துப் பெரியது. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில், திருப்பூர் நஞ்சராயன் குளத்தோடு சேர்ந்து, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் அதன் பெயர் வந்தது. குளிர்காலத்தில் பூநாரையும் ஊசிவால் வாத்தும் வந்து இறங்கும் இடம்.

இந்தப் பக்கத்து வழி சங்க இலக்கியத்திலும் உண்டு. சிறுபாணாற்றுப்படையில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பார்க்கப் போகும் பாணர்கள் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்று நடக்கிறார்கள். மரக்காணம், உப்புவேலூர், நல்லாமூர், திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல் என்று அறிஞர்கள் அடையாளம் சொல்கிறார்கள். பாணர்கள் கடற்கரையிலிருந்து உள்ளே நடந்த வழியில், மழைத்தண்ணீர் எதிர்த்திசையில் கடலுக்குப் போகிறது. எழுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் பெய்யும் மழை, நூற்றுக்கணக்கான ஏரிகளில் தங்கித் தங்கிக் கழுவேலிக்கு வருகிறது. தெற்கும் மேற்கும் நன்னீர். வடக்கே உப்புக்கழி வழியாக இடையன்திட்டுக் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. மேலே இருந்து நல்ல தண்ணீர் எவ்வளவு வருகிறதோ அந்த அளவுக்கு உப்பு பின்வாங்கும். வராத ஆண்டில் உப்பு உள்ளே ஏறும்.

நிலத்துக்கு அடியிலும் இதே இழுபறிதான். செஞ்சிப் பக்கம் போனால் கீழே கரும்பாறை, பாறை வெடிப்பில் இருக்கும் தண்ணீர்தான் கிடைக்கும். வானூர், மரக்காணம் பக்கம் மணற்கல் அடுக்குகள், நிறையத் தண்ணீர் பிடிப்பவை. நிறைய இருக்கிறதென்று நிறைய இறைத்துவிட்டோம். கடலோரத்தில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் இருந்தால், கீழே சுமார் நாற்பது அடி வரை அது உப்பை அழுத்தி வைத்திருக்கும். நூறாண்டுக்கு முன்பே கைபன், ஹெர்ஸ்பர்க் என்ற இரண்டு ஐரோப்பிய ஆய்வாளர்கள் தனித்தனியே கண்டுசொன்ன கணக்கு இது. திருப்பிப் பாருங்கள்: மோட்டார் போட்டு மேலே ஓரடி இறக்கினால், கீழே உப்பு நாற்பதடி ஏறிவரத் தொடங்கும். ஒரு போர் உப்பாகிவிட்டால் இன்னும் ஆழமாகப் போடுவது தீர்வே இல்லை. மேலிருந்து நன்னீரை இறக்க வேண்டும். அந்த நன்னீர் எங்கே இருக்கிறது? ஏரிச் சங்கிலியிலும், அதற்கு மேலே ஊர்களின் தெரு வடிகாலிலும். திண்டிவனத்துத் தெருவில் விழும் பால் பாக்கெட்டுக்கும் கழுவேலிப் பூநாரைக்கும் உள்ள உறவு இவ்வளவு நேரடியானது.

சிங்கப்பூரில் இருக்கும் உறவினர்களைப் பார்க்கப் போகிறவர்கள் பீஷான் பூங்காவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதுண்டு. காலாங் ஆறு அங்கே 2.7 கிலோமீட்டருக்கு நேர்கோடாகக் கான்கிரீட் கால்வாயாக இருந்தது. அதை உடைத்து, வளைந்து ஓடும் மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆறாக மாற்றி, 2012-இல் திறந்தார்கள். சாதாரண நாளில் பிள்ளைகள் கரைப் புல்லில் விளையாடுவார்கள். பெருமழை வந்தால் ஆறு அந்தப் புல்வெளியையும் எடுத்துக்கொள்ளும், பிறகு விட்டுவிடும். நிலத்துக்கு அவ்வளவு விலை உள்ள ஊரே தண்ணீருக்கு இடம் விட்டிருக்கிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் விளையாட்டுத் திடலையே பள்ளமாகக் கட்டி மழை நாளில் குளமாக்குகிறார்கள். நம் பள்ளிக்கூட மைதானங்களை ஓரடி தாழ்த்தி, சுற்றிலும் வரப்பு மாதிரி கட்டினால் அதே பயன் கிடைக்கும். இரண்டு நாள் விளையாட்டு நிற்கும், அவ்வளவுதான். பெரிய மண்டபங்களின் வாகன நிறுத்தத்தில் சிமென்ட் தளத்துக்குப் பதில் இடைவெளி விட்டுக் கல் பதிக்கலாம். வடிகாலின் அடித்தரை முழுக்கக் கான்கிரீட் பூசாமல், சாக்கடை கலக்காத மழைநீர் மட்டும் போகும் தெருக்களில் இடையிடையே ஜல்லிப் படுகை விடலாம். எதுவும் கோடிக்கணக்கில் செலவு வைப்பதில்லை.

மாமாவுக்கு இப்போது ஏரிக்கரை வரை நடக்க முடியவில்லை. மழைக்காலத்தில் நான் அலுவலகத்திலிருந்து வந்ததும், "வரத்து எப்படிம்மா இருக்குது?" என்று கேட்கிறார். வரத்துக் கால்வாயில் சீமைக் கருவேலம் மண்டியதையும், நெகிழிப் பை அடைத்ததையும் சொல்வேன். "கால்வாய வெட்டி உடாம ஏரிய மட்டும் ஆழமாக்கி இன்னா பண்றது?" என்பார். தூர்வாருதல் என்றாலே ஏரிக்குள் ஜே.சி.பி.யை இறக்கி மண் அள்ளுவது என்று ஆகிவிட்ட காலத்தில் இதை எல்லா ஊரிலும் கேட்க வேண்டும். மண்ணுக்கு விலை இருக்கிறது, அதனால் ஏரி ஆழமாகிறது. வரத்துக் கால்வாயில் விலை போகும் மண் இல்லை, அதனால் அது தூர்ந்து கிடக்கிறது.

தன் தெருத் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு, நான் தொழிலில் தினமும் செய்வதைச் சொல்கிறேன். தமிழ்நாடு அரசின் நிலப் பதிவேட்டு இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் 'அ' பதிவேட்டு விவரமும் புலப்படமும் கிடைக்கும். உங்கள் மனையைச் சுற்றியுள்ள புல எண்களையும் பாருங்கள். சிலவற்றில் பட்டாதாரர் பெயர் இருக்காது. வாய்க்கால், ஓடை, ஏரி என்று அரசுப் புறம்போக்காக எழுதியிருக்கும். அவற்றைக் கிராம வரைபடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பென்சிலால் இணைத்துக்கொண்டே போனால், ஒரு கோடு ஏதாவது ஓர் ஏரியில் போய் முட்டும். பிறகு அந்தக் கோட்டின் வழியே நடந்து பாருங்கள். எங்கே சுவர் குறுக்கே நிற்கிறது, எங்கே சாலைக்கு அடியில் வைத்த குழாய் மண்மூடிக் கிடக்கிறது, எங்கே கழிவுக் குழாய் இறங்குகிறது என்று தெரிந்துவிடும். கைபேசியில் படம் எடுத்துப் புல எண்ணோடு குறித்து வையுங்கள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. புல எண் போட்ட மனுவை யாரும் பொத்தாம்பொதுவான புகார் என்று ஒதுக்கிவிட முடியாது.

கிராமமானால் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை கூடும். அதற்கு எடுத்துப் போங்கள். நகரமானால் உங்கள் வார்டு உறுப்பினரிடமும் நகராட்சி அலுவலகத்திலும் கொடுங்கள். பங்குனி, சித்திரையில் ஏரியும் கால்வாயும் காய்ந்து கிடக்கும். மண் வேலைக்கு அதுதான் பருவம். ஆடிக்குள் கால்வாயை வெட்டி, வலையும் வண்டல் தொட்டியும் கட்டி முடித்தால்தான் ஐப்பசி மழை அதில் ஓடும். ஐப்பசியில் மனு எழுதினால் மழை போன பிறகுதான் ஆள் வருவார்கள்.